அறுபத்து நாலில் ஒளிந்திருந்த குரல்

“இடது கண், மைனஸ் இரண்டு புள்ளி ஐந்து” என்றார், செத்துப்போனவர்.

நான் கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தேன். தாடை ஒரு கிண்ணத்தில், நெற்றி ஒரு பட்டையில், எதிரே ஒரு சிவப்புப் புள்ளி. எழுந்து ஓடலாம் என்றால் மண்டை மிஷினுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிடரி மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

கனமான ஆண் குரல். லேசாகத் தொண்டை கட்டினாற்போல, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் பேசுகிற மாதிரி நிதானமாக வந்தது. அறையில் இருந்ததோ நானும் டாக்டரம்மாவும் மட்டும்தான்.

“ம்” என்று பதில் சொன்னார் டாக்டரம்மா. பதற்றமே இல்லை. சமையலறையிலிருந்து கணவர் ஏதோ சொல்ல, கூடத்திலிருந்து மனைவி ‘ம்’ கொட்டுவாளே, அவ்வளவு சாதாரணமாக.

“யாரு டாக்டர் பேசினது?”

“அவர்தான்.”

“எவரு?”

“என் வீட்டுக்காரர். தாடையை ஆட்டாதீங்க.”

அந்த வீட்டுக்காரர் போன வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அது தெரிந்துதான் என் மாமியார் என்னை நோயாளி வேஷத்தில் இந்த நாற்காலிக்கு அனுப்பியிருந்தார்.

மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம் பிடிப்பது அவர் வேலையாக இருந்தது. ரிட்டயர் ஆன பிறகும் கை அரிப்பு போகவில்லை, சொந்தமாகத் துப்பறிய இறங்கிவிட்டார். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, அதை வெற்றிகரமாக இழுத்து மூடியவன். மாப்பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்து டீ கேட்பதைவிட அசிஸ்டென்டாக அலைவதே மேல் என்று அவரே முடிவு செய்தார். மரியாதையில் மட்டும் குறை வைக்க மாட்டார். “மாப்பிள்ளை, தயவுபண்ணி வாயை மூடிக்கிட்டு இருங்க” என்று ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்.

டாக்டரம்மா ஒரு விளக்கை நகர்த்தி என் கண்ணுக்குள் வெகு நேரம் பார்த்தார். பிறகு அறை லைட்டைப் போட்டார்.

“உள்ளே ரெண்டும் சுத்தமா இருக்கு. ஒரு கவலையும் இல்ல. கண்ணாடி பவர் மட்டும் மாத்திக்குங்க.”

எந்தக் கண் டாக்டரும் இதுவரை என்னிடம் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வலது காதையே பார்த்தார். குளிக்கும்போது காதைச் சரியாகத் துடைத்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வெளியே வராந்தா பெஞ்சில் மாமியார் காத்திருந்தார்.

“அத்தை, குரல் நிஜம். இந்த ரெண்டு காதாலயும் கேட்டேன்.”

“அது இருக்கட்டும். உங்க கண்ணைப் பத்தி என்ன சொன்னாங்க?”

“உள்ள ஒரு பேய் உக்காந்து பவர் படிக்குது, நீங்க என் கண்ணை விசாரிக்கிறீங்களே!”

“மாப்பிள்ளை கண்ணு என் பொண்ணோட சொத்து. என்ன சொன்னாங்க?”

“ரெண்டும் சுத்தமாம். என் காதைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.”

மாமியார் கைப்பை ஜிப்பைத் திறந்தார், மூடினார். எழுந்து சின்ன டாக்டர் அறைக்கு நடந்தார்.

சின்ன டாக்டர் என்பது டாக்டரம்மாவின் கொழுந்தன். அவரும் கண் டாக்டர். எங்களைக் கூப்பிட்டது அவர்தான். மனிதர் தூங்கிப் பல நாளானவர் போல இருந்தார்.

“அண்ணன்தான் இந்த கிளினிக்கோட நிர்வாகம் எல்லாம். டோக்கன் கூப்பிடறதுக்கும் அவர் குரலையே பதிவு பண்ணி, எதை எழுதினாலும் படிக்கிற மாதிரி ஒரு ஃப்ரெண்டை வெச்சு கம்ப்யூட்டர்ல ஏத்தினாரு. அவர் போனதும் அந்தக் குரலைக் கேட்டாலே அண்ணி உடைஞ்சு போயிடுவாங்க. அதனால பொம்பளைக் குரலுக்கு மாத்திட்டோம். அப்பல்லாம் ஒரு வம்பும் இல்ல. போன மாசம் புது கம்ப்யூட்டர் போட்டோம், அதுலேர்ந்துதான். டார்க் ரூம்ல அண்ணன் வந்து பேசுறாருன்னு அண்ணியே சொல்றாங்க. நர்ஸ் ஒரு தடவை கேட்டுட்டு மருந்துத் தட்டைக் கீழ போட்டு ஓடினவங்கதான், திரும்பவே இல்ல.”

“நீங்க கேட்டீங்களா?” என்றார் மாமியார்.

“நான் போனா கப்சிப். கம்ப்யூட்டர்காரரை வெச்சு அலசிப் பாத்தாச்சு. அந்தக் குரல் அதுல இல்லவே இல்ல.” கண்ணைக் கசக்கிக்கொண்டார். “மத்தியானம் பெரிய டாக்டர் வர்றாரு. அண்ணிக்கும் எனக்கும் பாடம் எடுத்தவர். அவர் அண்ணிகிட்ட பேசிப் பாத்துட்டு, மனசு சரியில்லன்னு சொல்லிட்டா, அவங்க இனிமே நோயாளியைத் தொடக் கூடாது. இந்த வேலை இல்லன்னா அண்ணிக்கு வேற என்ன இருக்கு சொல்லுங்க? அவங்க நல்லாத்தான் இருக்காங்கன்னு எப்படியாவது நிரூபிச்சுக் குடுத்துடுங்க.”

“நிஜமா என்ன இருக்கோ அதைத்தான் நான் குடுப்பேன் தம்பி” என்றார் மாமியார்.

டாக்டரம்மா சாப்பிடப் போன சமயத்தில் டார்க் ரூமுக்குள் போனோம். கம்ப்யூட்டர்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார். தடித்த ஆள். ஆனால் நிலைப்படியைத் தாண்டச் சொன்னால் செருப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

“சார், நான் பொய் சொல்லலை. டாக்டரம்மாவோட பவர் பாக்கிற ப்ரோக்ராம்ல ஃபைல் தேடுற கட்டத்தைத் திறந்தேன். சிஸ்டம் ஃபோல்டர் இருக்கில்ல, பேர் முடிவுல முப்பத்திரண்டுன்னு இருக்குமே, அதுக்குள்ள அண்ணன் குரல் ஃபைல் இருந்துச்சு. கண்ணால பாத்தேன். அழிச்சிடலாம்னு அதை மூடிட்டு, வழக்கமான வழியில அதே ஃபோல்டருக்குப் போனேன். காணோம்! திரும்ப அந்த ப்ரோக்ராம்ல பாத்தா இருக்கு. வெளிய வந்தா இல்ல. அதே ஃபோல்டர் சார், அதே பேரு! அன்னிக்குக் காய்ச்சல் வந்தவன்தான்.”

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. மூடிய கடைக்காரனுக்கும் ஒரு நாள் விடியும் என்பது இதுதானோ.

“பழைய கம்ப்யூட்டர்ல போட்டிருந்தது முப்பத்திரண்டு பிட் சிஸ்டம். புதுசுல?”

“அறுபத்து நாலு. எதைப் போடட்டும்னு சின்ன டாக்டரைக் கேட்டேன். எது பெருசோ அதைப் போடுன்னாரு.”

“சட்டை வாங்குற மாதிரி!” என்றேன். “அத்தை, பேயைப் பிடிச்சாச்சு.”

“கை காலைக் கட்டிட்டீங்களா? சொல்லுங்க.”

“அறுபத்து நாலு சிஸ்டத்துல பழைய முப்பத்திரண்டு ப்ரோக்ராமும் ஓடும். ஆனா ரெண்டையும் ஒரே அறையில உக்கார வெக்க முடியாது. அதனால ரெண்டு ஃபோல்டர் வெச்சிருக்காங்க. வேடிக்கை என்னன்னா, முப்பத்திரண்டுன்னு பேர் போட்டதுல இருக்கிறது அறுபத்து நாலோட சாமான். அறுபத்து நாலுன்னு பேர் போட்டதுல இருக்கிறது முப்பத்திரண்டோட சாமான்.”

“உப்பு டப்பாவுல சர்க்கரை, சர்க்கரை டப்பாவுல உப்பு. எவன் அடுக்கினது?”

“பழைய ப்ரோக்ராமுங்க எல்லாம் அந்த முப்பத்திரண்டுங்கிற அட்ரஸை மனப்பாடம் பண்ணிடுச்சு அத்தை. புதுசு வந்தப்பவும் பேர்ப்பலகையை மாத்த முடியலை. அதனால வாசல்ல ஒருத்தனை நிறுத்தி வெச்ச மாதிரி பண்ணிட்டாங்க. பழைய ஆள் வந்தா, அவனுக்கே தெரியாம பக்கத்து வீட்டுக்குத் திருப்பி விட்டுடுவான். பழைய ஆள் பாவம், நம்ம பழைய வீட்லதான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டே அங்க குடித்தனம் பண்ணிக்கிட்டிருப்பான்.”

சொல்லி முடித்ததும் எனக்கே என்னவோ போல ஆகிவிட்டது. வீடு மாறியது தெரியாமல் அந்த இருட்டுக்குள் ஒருவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு நல்லதாக இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“பவர் பாக்கிற ப்ரோக்ராம் பழசு. அதை இன்ஸ்டால் பண்ணினப்போ கூடவே அந்தக் குரலும், பழைய செட்டிங்ஸும் தானா ஏறிடுச்சு. குரலைத் தேர்ந்தெடுக்கிற இடமும் இதே மாதிரி ரெண்டு. இவர் பாத்ததும், இந்தக் கம்ப்யூட்டர்ல பொம்பளைக் குரல் வெச்சதும் புது இடத்துல. பழைய இடத்துல அண்ணன் அப்படியே இருக்காரு. சிஸ்டத்தைப் புதுசாக்கினதாலதான் பழைய குரல் திரும்பி வந்துச்சு.”

அறுபத்து நாலு என்று பேர் போட்ட ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். ஃபைல் இருந்தது. கம்ப்யூட்டர்காரர் இப்போதுதான் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

மேஜைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அதன் குமிழ் மூடியிருந்தது. ஒரு பக்கம் திருகினால் சத்தம் வரும், மறுபக்கம் திருகினால் அடங்கும். கொழுந்தன் வந்தால் கப்சிப் ஆன மர்மமும் தீர்ந்தது.

“இனிமே ரெண்டே வழி. பழைய முப்பத்திரண்டுக்கே திரும்பிப் போகலாம். அங்க ஒரே அறைதான், பொம்பளைக் குரல்னு வெச்சா எல்லாத்துக்கும் பொம்பளைக் குரல். இல்லன்னா முழுசா புதுசுக்குப் போகலாம். புது ப்ரோக்ராம், அறுபத்து நாலு மட்டும். அதுல இந்தக் குரல் ஏறவே ஏறாது. பேசற வசதியும் அந்தப் புது ப்ரோக்ராம்ல கிடையாது. நான் சொல்றேன், புதுசுக்கே...”

“அழிக்காதீங்க!”

வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார், தெரியாது. ஒரு கை கதவு விளிம்பைப் பிடித்திருந்தது.

“மாப்பிள்ளை, நீங்களும் அவரும் கொஞ்சம் வெளிய இருங்க” என்றார் மாமியார். கம்ப்யூட்டர்காரர் போனார். நான் ஒரு காலை வெளியே வைத்து, மீதி உடம்பை உள்ளேயே வைத்துக்கொண்டேன். அசிஸ்டென்ட் என்றால் சும்மாவா.

“உக்காருங்கம்மா” என்றார் மாமியார். “நீங்க பைத்தியம் இல்ல. பேயும் இல்ல. இவர் அதைக் கண்டுபிடிச்சிட்டாரு, அவர் திறமைக்கு அது போதும். பேய் நம்பர் படிக்குதுன்னு உங்க கொழுந்தன் போன்ல சொன்னப்பவே எனக்கு வேற ஒரு சந்தேகம். ஸ்கிரீன்லதான் நம்பர் பளிச்சுன்னு வருதே. அதை வாய்விட்டுப் படிக்கணும்னு எந்த டாக்டர் கேப்பாங்க?”

டாக்டரம்மா கதவு விளிம்பை விடாமல் நின்றார்.

“அந்தக் குமிழைத் திருகி உங்க கொழுந்தன்கிட்டேருந்து மறைச்சது நீங்க. மிஷின்தான் பேசுதுன்னு முதல் நாளே உங்களுக்குத் தெரியும். ஆனா நர்ஸ் ஓடினப்போ, வீட்டுக்காரர் வந்து பேசுறாருன்னு சொன்னீங்க.”

“வாயில அதான் வந்துச்சு” என்றார் டாக்டரம்மா மெதுவாக.

“எங்க மாப்பிள்ளைகிட்ட காதைப் பாத்துப் பேசினீங்களாம். இப்ப என்கிட்ட தோளைப் பாத்துப் பேசுறீங்க. நேராப் பாத்தா நடுவுல ஒண்ணும் தெரியலை, ஓரமாப் பாத்தாத்தான் கொஞ்சம் தெரியுது. இல்லையா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிஸ்டத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த எனக்கு இது உறைக்கவே இல்லை.

டாக்டரம்மா ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். “அவருக்கு மட்டும்தான் தெரியும். இருந்தவரைக்கும் பக்கத்துல நின்னு படிச்சுச் சொல்லுவாரு. அவசரத்துக்கு இருக்கட்டும்னு மிஷினையும் படிக்க வெச்சாரு. அவர் போனப்புறம் அந்தப் பொம்பளைக் குரலை வெச்சு ஓட்டினேன். திடீர்னு ஒரு நாள் அவர் குரல். எப்படி வந்துச்சுன்னு தெரியலை, ஏன்னு கேக்கவும் தோணலை. வந்துட்டாரே, அது போதும்னு இருந்துச்சு.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “பைத்தியம்னு சொன்னா சில மாசம் ஓய்வு குடுப்பாங்கம்மா. தேறிட்டேன்னு திரும்பி வந்து இதே ஸ்டூல்ல உக்காரலாம். கண் டாக்டருக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னா? அப்புறம் நான் யாரு?”

எனக்கு அவர் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. இந்த இடத்தில் கேஸை மூடிவிட்டுப் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மாமியார் விடவில்லை.

“எங்க மாப்பிள்ளைக்குச் சின்ன வயசுல பம்பரம் கண்ணுல அடிச்சிருக்கு. இடது கண்ணுக்கு உள்ளே இவ்வளவு பெரிய தழும்பு. விளக்கு அடிச்சுப் பாத்த எந்த டாக்டரும் அடடான்னு சொல்லாம விட்டதில்ல. நீங்க சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டீங்க.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேயைக் கேட்டு வர என்னை அந்த நாற்காலிக்கு அனுப்பவில்லை. என் கண்ணைத்தான் அனுப்பியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டேன், ‘ங்க’ போட்டுக் கேட்காமலே.

“நம்பரை அவர் படிச்சுச் சொல்லிடுறாரு, சரி” என்றார் மாமியார். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “கண்ணுக்குள்ள இருக்கிறதை யார் படிக்கிறாங்க?”

டாக்டரம்மா முகம் வெளுத்துவிட்டது. வந்து போனவர்களின் முகங்கள் அவருக்குள் ஓடுவது எனக்கே தெரிந்தது. சுத்தமா இருக்கு, கவலைப்படாதீங்க என்று எத்தனை பேரை அனுப்பியிருப்பார்.

“அதை நான் யோசிக்காம இல்ல” என்றார் கடைசியில். “யோசிச்சிடக் கூடாதுன்னு எந்நேரமும் அவரைப் பேச விட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

“உங்க கொழுந்தன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்? குரல் மிஷின்லேருந்து வருதுன்னு சொன்னா அவர் கேட்டது முடிஞ்சிடும். இதுக்கு மேல சொல்ல வேண்டியதை நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன், அதையும் ஒளிக்காமச் சொல்றேன்.”

பதில் வருவதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்ன டாக்டரோடு பெரிய டாக்டர் வந்துவிட்டார். நரைத்த புருவம், தடித்த கண்ணாடி, அவசரமில்லாத மனிதர். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு டாக்டரம்மா எதிரே உட்கார்ந்தார்.

“ஏம்மா, வீட்டுக்காரர் குரல் கேக்குதாமே?”

சின்ன டாக்டர் அண்ணியையே பார்த்தார். டாக்டரம்மா என் மாமியார் பக்கம் திரும்பினார். மாமியார் தலையைக்கூட அசைக்கவில்லை.

“கேக்குது சார்” என்றார் டாக்டரம்மா. “எல்லாருக்குமே கேக்கும்.”

மேஜைக்கடியில் கைவிட்டுக் குமிழைத் திருகி, மிஷினின் பொத்தானை அமுக்கினார்.

“வலது கண்” என்றது அந்தக் குரல், முன்னைவிட உரக்க. “அளவு கிடைக்கவில்லை. மறுபடி பார்க்கவும்.”

சின்ன டாக்டர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தார். “அண்ணா...” என்றவர் அதற்கு மேல் பேச முடியாமல் சின்னப் பையனைப் போல விசும்பினார். பெரிய டாக்டரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“பேய் இல்ல சார். கம்ப்யூட்டர். எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு” என்றார் டாக்டரம்மா. “கண்ணுதான் தெரியலை. ரெண்டுலயும் நடுப்பார்வை போயிட்டே இருக்கு. ரெண்டு வருஷமா மறைச்சிட்டேன். ஆபரேஷன் மட்டும் எதையும் தொடலை, கை வலின்னு சொல்லித் தம்பி தலையில கட்டிட்டேன். ஆனா பரிசோதனை பண்ணினேன். சரியாத் தெரியாமலே நல்லா இருக்குன்னு அனுப்பிச்சிருக்கேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி! நான் உங்களைப் பாத்துக்க மாட்டேனா?”

“பாத்துப்பே. அதான் பயம்” என்றார் அவர். பிறகு குரல் மாறியது. டாக்டர் குரல். “அழறதை அப்புறம் அழலாம். நான் பாத்து அனுப்பின எல்லாரையும் திரும்பக் கூப்பிடு. ஒருத்தர் விடாம. பாத்த டாக்டருக்குக் கண்ணு சரியில்லன்னே சொல்லு, வேற சாக்கு சொல்லாதே. கண்ணை நீயே பாரு.”

கம்ப்யூட்டர்காரர் வாசலில் தலையை நீட்டினார். சமயம் தெரியாத மனுஷன். “அம்மா, அப்ப எதைப் போடட்டும்? பழைய முப்பத்திரண்டா, முழுசா அறுபத்து நாலா?”

அவரை அங்கேயே முறைத்து எரித்திருப்பேன். ஆனால் டாக்டரம்மா யோசித்தார். மிஷினின் தலைமேல் கை வைத்தார்.

“புதுசையே போடுங்க” என்றார். “நாளைலேருந்து இந்த ஸ்டூல்ல உக்கார்றவருக்கு ஸ்கிரீன்ல இருக்கிற எழுத்து தெரியும்.”

சொல்லிவிட்டு ஸ்டூலை விட்டு எழுந்தார். மேஜையைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். தாடையைக் கிண்ணத்தில் வைத்தார், நெற்றியைப் பட்டையில் அழுத்தினார்.

“முதல்ல என்னைப் பாரு தம்பி. லைட்டை அணைங்க.”

சின்ன டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இருட்டில் ஒரு விளக்குக் கீற்று மட்டும் அவர் அண்ணியின் கண்ணுக்குள் போனது. ஒரு கண், பிறகு மறு கண், மறுபடி முதல் கண். பார்த்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

“பாத்துட்டே இல்ல? சொல்லு.”

“அண்ணி...”

“இங்க அண்ணி யாரும் இல்ல. பேஷன்ட் உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட சொல்லு.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மாமியார் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்து, வெளியே இழுத்துவந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.